படிதான் ஏறினோம்

ஆனி மாதத்தில் கல்யாணம் செய்துகொள்கிறவனுக்குக் கொஞ்சமாவது பொய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த மாதமே தேவைப்படும். எனக்குத் தெரியாது. அதை ஒரு நல்ல குணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில், ஊர் உலகமே கூடியிருந்த ஒரு மத்தியானத்தில் தீர்ந்தது.

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவமாகும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்பது கணக்கு. 'சித்திரைப் பிள்ளை அப்பனைத் தெருவுல நிறுத்தும்' என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. எனக்கும் மரகதத்துக்கும் கல்யாணமாகி அப்போது இருபத்துமூன்று நாள். திண்டுக்கல்லில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய நாலு பிள்ளைகள் எல்லாரும் இருந்த வீடு. அந்த இருபத்துமூன்று நாளில் மரகதம் என்னிடம் பேசியதை ஒரு கார்டில் எழுதினால் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். (நான் அச்சுக்கோப்பவன். எழுத்தெண்ணித்தான் சொல்கிறேன்.)

அழைத்துப் போக வந்த மாமனார் வையம்பட்டியில் கடலைக்காடு வைத்திருந்தவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு எனக்காகக் கூடுதலாகச் செலவு செய்தார்.

"மாப்பிள்ளை, ஆடி முடியட்டும். நானே கொண்டாந்து விடறேன். அதுவரைக்கும் நம்ம பக்கம் வர வேண்டாம். உங்க வார்த்தைய நம்பிப் போறேன்."

"சத்தியமா வரமாட்டேன் மாமா."

அவர் சத்தியம் கேட்கவே இல்லை. கேட்காததை எடுத்துக் கொடுப்பது அந்த வயதில் என் வழக்கம்.

பதினைந்து நாள் ஒருவிதமாக ஓடியது. பிறகு மரகதத்தின் அக்கா தனத்திடமிருந்து கார்டு வந்தது. அக்கா திருச்சி பாலக்கரையில் குடியிருந்தார். 'மரகதம் இங்கே வந்திருக்கிறாள். பதினெட்டாம் பெருக்கன்று சனம் முழுக்க ஆற்றங்கரையில் இருக்கும். மலைக்கோட்டையில் காற்றுதான் இருக்கும். தம்பி ஊர் பார்க்க நல்ல நாள்.'

அன்றைக்கு எங்கள் அச்சாபீஸுக்கும் விடுமுறை. திருச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊர் பார்ப்பதில் என்ன தப்பு? 'நம்ம பக்கம்' என்று மாமனார் சொன்னது வையம்பட்டியை, திருச்சியை அல்ல. என்னை நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லி, நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் போகிற ரயில் வையம்பட்டியில் நிற்கும். நின்றது. நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொண்டேன்.

எதிரே இருந்த பெரியவர், "தம்பி, பேப்பரு தலைகீழா இருக்கு" என்றார்.

"அச்சாபீஸ்ல வேலைங்க. எங்களுக்கு எப்படிப் புடிச்சாலும் தெரியும்."

அது பொய்யில்லை; எழுத்தைத் தலைகீழாகப் பார்த்துக் கோப்பதுதான் என் தொழில். ஆனால் பேப்பர் ஒன்றைச் செய்தது: வெளியே நடப்பதை எனக்கு மறைத்தது. அந்த நேரத்தில் அதே ரயிலில், நாலு பெட்டி தள்ளி, என் மாமனாரும் மாமியாரும் இரண்டு தூக்குச் சட்டி நிறையக் கட்டுச்சோற்றோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மகள்களோடு காவிரிக்குப் போகலாம் என்று திடீரென்று கிளம்பியவர்கள். திருடப் போனவனும் வீட்டுக்காரனும் ஒரே வண்டியில் போன கதை.

நான் பாலக்கரைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் மரகதத்தை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். "விளக்கு வைக்கிறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடணும் தம்பி" என்று அக்கா வாசலில் நின்று சொன்னார். அரை மணி கழித்து அதே வாசலில் அவருடைய அப்பா வந்து நின்றிருக்கிறார். "மரகதம் எங்க?" என்றதற்கு, "பக்கத்து வீட்டம்மாவோட மலைக்கோட்டைக்குப் போயிருக்கா" என்று பாதி உண்மையைச் சொல்லிச் சமாளித்திருக்கிறார் அக்கா.

மலைக்கோட்டையில் அக்கா சொன்னபடி காற்றுதான் இருந்தது. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். என் வேட்டி பறக்கப் பார்த்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, எனக்குத் தெரியாத சரித்திரத்தை எல்லாம் மரகதத்துக்கு விளக்கினேன். இந்தத் தூண் பல்லவன் வைத்தது, அந்தச் சுவர் நாயக்கன் கட்டியது.

"அப்ப இது?" என்று ஒரு கதவைக் காட்டினாள்.

"அது... அவனுக்கு அடுத்தவன்."

அவள் சிரித்தாள். நாற்பது நாளில் முதல் தடவையாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் பேச்சு தானாக வந்தது. "நீங்க ஏன் தினமும் ஊறுகாய மட்டும் எலையில மிச்சம் வெக்கிறீங்க?" என்று கேட்டாள். யாரும் என் இலையை அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. ஊறுகாய் எனக்குப் பிடிக்காது என்று அண்ணியிடம் பத்து வருஷமாகச் சொல்லத் தயங்கியதை அவளிடம் சொன்னேன். பல்லவனைவிட அந்தப் பேச்சு நன்றாக இருந்தது.

தாயுமானவர் சன்னதிக்குக் கொஞ்சம் கீழே, தலை சுற்றுகிறது என்று அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் தண்ணீர் கொடுத்து, அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கல்யாணமாகி எத்தன நாளாச்சு?"

"நாப்பது நாளுங்க."

"தாயுமானவருக்கு வாழத்தாரு வேண்டிக்கிட்டுப் போங்க. சொகப்பிரசவம் ஆகும்."

"பித்தம்மா. காலையில காப்பி சரியில்ல" என்றேன், நாடி பார்த்த வைத்தியனைப் போல.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மரகதத்திடம், "உம் புருசன் சொன்னா சரிதான் தாயி. அவுங்களுக்கெல்லாம் கடைசியிலதான் தெரியும்" என்றார்.

உச்சிப் பிள்ளையாரிடம் போய்ச் சேர்ந்தோம். கீழே காவிரி செந்நிறத்தில் கரை தொட்டு ஓடியது. அக்கரையில் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். படித்துறை முழுக்கக் கடுகைக் கொட்டினாற்போல் ஜனம். மரகதம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க புளிச்சோறு இருக்கும்ல?"

"இருக்கும். ஊரே அங்கதான் இருக்கும்."

"ஊருதானே இருக்கும்? நம்ம வீடா இருக்கப் போவுது?"

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் இறங்கினேன். பஸ் ஏறி அம்மா மண்டபத்துக்குப் போனோம்.

படித்துறையில் கால் வைக்க இடமில்லை. கல்யாண மாலையை ஆற்றில் விட வந்த புதுஜோடிகள் எங்கு பார்த்தாலும். வையம்பட்டி மேட்டுக்காட்டில் பிரித்து வைக்கிற நாளில் காவிரிக்கரையில் சேர்த்து உட்கார வைக்கிறார்களே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. கட்டுச்சோறு கொண்டுவந்தவர்கள் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கை மாறிக் கை மாறி இரண்டு இலைத் துண்டு எங்களிடமும் வந்தது. "பதினெட்டாம் பெருக்குச் சோறு, வேணாம்னு சொல்லக் கூடாது" என்று யாரோ ஒருவர் திணித்தார்.

மரகதம் ஒரு வாய் போட்டாள். அடுத்த வாய்க்குக் கை போகவில்லை.

"இது எங்கம்மா கிளறினது."

"புளிச்சோறு எல்லாம் ஒண்ணுதானே?"

"எள்ளை வறுத்துப் பொடிச்சுத் தூவியிருக்கு. கடலையைத் தோலோட போட்டிருக்கு. இது எங்க காட்டுக் கடலைங்க."

திரும்பிப் பார்த்தேன். பத்து முழத்தில் என் மாமனாரின் முதுகு. மாமியார் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். எங்களுக்கு எதிர்முகமாக உட்கார்ந்திருந்த அக்கா, வாயில் சோற்றோடு, கண்ணாலேயே 'ஓடுங்க' என்றார். எங்கே ஓடுவது? மேலே ஏறும் படி மாமனாரின் மடியை உரசிக்கொண்டு போனது. கீழே வெள்ளம்.

பக்கத்தில் ஒரு சாஸ்திரிகள் புதுஜோடிகளை வரிசையாக உட்கார வைத்துக் காவிரிக்குப் பூஜை செய்துகொண்டிருந்தார். வரிசைக் கடைசியில் மரகதத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குனிந்த தலையோடு உட்கார்ந்தால் எல்லா மாப்பிள்ளையும் ஒரு மாப்பிள்ளைதான்.

"புதுசா வந்தவா, பேரு நட்சத்திரம் ஊரு சொல்லுங்கோ. சத்தமா சொல்லுங்கோ, ஆத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை!"

சொன்ன பெயரை அவர் இன்னும் உரக்கத் திருப்பிச் சொல்லி மந்திரத்தில் சேர்த்தார். ஒவ்வொரு பெயரும் அக்கரை வரைக்கும் போனது.

"முருகேசன்" என்றேன். "பூசம். கரூர்."

"கரூர் முருகேசன், பூச நட்சத்திரம்!" என்று முழங்கிவிட்டு, மஞ்சள் கயிற்றை என் கையில் கொடுத்தார். "சம்சாரம் கழுத்துல கட்டுங்கோ."

கயிற்றைக் கொண்டுபோனேன். மரகதம் கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"முருகேசன் யாருங்க?"

"சும்மா, ஒரு பேச்சுக்கு."

"கழுத்துல ஏர்றது பேச்சுக்கா?"

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டு வந்தவரிடம் என் அண்ணி, அண்ணன் பெயருக்காகச் சுவரில் இருந்த சாமி படத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனவர். மரகதமும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள்தான். ஆனால் அவள் கடலைக்காட்டில் வளர்ந்தவளும்கூட. காட்டின் அந்தக் கோடியில் இருப்பவரை இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல். அந்தக் குரலில் எழுந்து நின்று சொன்னாள்:

"சாமி, இவங்க பேரு முருகேசன் இல்ல! ரத்தினவேலு! திண்டுக்கல் அச்சாபீஸ் ரத்தினவேலு!"

எத்தனையோ பேருடைய பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் பெரிய எழுத்தில் கோத்திருக்கிறேன். என் பெயரை அத்தனை பெரிய எழுத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். மாட்டிக்கொண்ட அந்த நொடியிலும், இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்று இருந்தது.

பத்து முழத்தில் இருந்த முதுகு திரும்பியது.

மாமனார் கையில் இலையோடு எழுந்து வந்தார். என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன்னே நான் திறந்தேன்.

"படிதான் ஏறினோம் மாமா."

"என்ன படி?"

"மலைக்கோட்டைப் படி. ஏறினோம், எறங்கினோம். வேற ஒண்ணும் இல்ல மாமா."

(நான் வாயைத் திறக்கும்வரை அவர் ஒன்றுமே கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.) மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வரிசையில் இருந்த மாப்பிள்ளைகள் பொத்திக்கொள்ளவில்லை.

"நாழியாறது, கயிறு கட்டணுமா வேண்டாமா?" என்றார் சாஸ்திரிகள்.

"கட்டச் சொல்லுங்க சாமி" என்றார் மாமனார். "சரியான பேரைச் சொல்லிக் கட்டச் சொல்லுங்க."

கட்டினேன். அப்புறம் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"நீங்க வந்ததுகூட எனக்குப் பெரிசில்ல மாப்பிள்ளை. வயசு அப்படி. ஆனா அகப்பட்டுக்குவோம்னதும் பேரையே மாத்திட்டீங்களே. எம்பொண்ணு உங்க பேருக்கு வெச்சிருக்கிற மதிப்ப நீங்க வெக்கலையே."

அடித்திருந்தால் வலி அன்றைக்கே போயிருக்கும்.

சாயங்காலம் மரகதத்தை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, திண்டுக்கல் வண்டியில் எனக்கு எதிரே அவர் உட்கார்ந்து வந்தார். மிச்சப் புளிச்சோற்றை மாமியார் எனக்குக் கட்டிக் கொடுத்தார். வையம்பட்டியில் இறங்கும்போது மாமனார் என் கைவிரலைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த மோதிரம் நான் போட்டது. காலையில ஜன்னலோரம் ஒரு பேப்பருக்கு வெளிய தெரிஞ்சுது. இனிமே நேரா புடிச்சுப் படிங்க மாப்பிள்ளை."

அப்படியானால் காலையிலிருந்தே அவருக்குத் தெரியும். தெரிந்தும் எங்களுக்கு அரை நாள் விட்டுக்கொடுத்திருக்கிறார். வண்டி நகர்ந்த பிறகு நான் அந்தப் பேப்பரை எடுக்கவே இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். மலைக்கோட்டையில் சுற்றிய தலை பித்தம் இல்லை. பங்குனிக் கடைசியில் பிறக்க வேண்டிய என் மகள் நிதானமாக எட்டு நாள் தள்ளி, சித்திரை பிறந்த பிறகு பிறந்தாள். வையம்பட்டி முழுக்க விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணியது. எண்ணிய விரலெல்லாம் ஆடியில் போய் நின்றது. ஆனிக் கடைசிக்குப் போக வேண்டிய கணக்கு என்று நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? "ஆமாமா, படிதான் ஏறினாங்க!" என்றார்கள். நம்ப முடியாத சமாதானத்தை யார் சொன்னாலும் எங்கள் வீட்டில் அதற்கு இன்றுவரை அதுதான் பதில்.

மகளுக்கு ஒரு வயதானதும் தாயுமானவருக்கு வாழைத்தார் கொண்டு போனோம். மாமனாரும் வந்தார். எனக்கு இருந்த ஒரே சாட்சியான அந்தப் பூக்கார அம்மாளைத் தேடிப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினேன். "போன ஆடியில... இல்ல, அதுக்கு முந்தின ஆடியில, இவ இங்க தலை சுத்தி உக்காந்தப்பவே நீங்க சொன்னீங்கள்ல?"

"தெனம் பத்து பேரு சுத்தி உக்கார்றாங்க. யாரைன்னு ஞாபகம் வெக்கிறது?" என்றார் அவர். மாமனார் அன்றைக்குத்தான் என் முன்னால் முதல் தடவையாகச் சிரித்தார்.

மகளுக்கு நான் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவள் 'மலைக்கோட்டை'தான். இப்போதும் யாராவது என்னைத் தேடி வந்து வாசலில் நின்று, "இது யார் வீடுங்க?" என்று கேட்டால் மரகதம், "மலைக்கோட்டை அப்பா வீடு" என்பாள்.

"பேரைச் சொல்லேன்" என்பேன் உள்ளேயிருந்து.

"ஒரு தடவ சொல்லித்தானே மாட்டிக்கிட்டோம்" என்பாள்.