பனிமூட்டத்தில் தொலைந்த பெரியப்பா

எங்கள் வடகவுஞ்சியில் கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிட மறந்தாலும் பனிமூட்டம் மட்டும் தானாக வந்துவிடும். வருவதோடு நிற்காது, முன்னால் நின்று போட்டோவும் எடுத்துக்கொள்ளும். என் அண்ணன் கல்யாணத்திலும் அதுதான் நடந்தது, கூடவே தூறலும். போட்டோகிராபர் யார் என்கிறீர்களா? சாட்சாத் நானேதான். (கேமரா இரவல். திறமையும் அப்படித்தான்.) கொடைக்கானலில் ஒரு ஸ்டுடியோவில் கொஞ்ச நாள் எடுபிடியாக இருந்துவிட்டு, பெரிய கலைஞி என்ற நினைப்பில் திரிந்த காலம் அது.

எல்லாப் படத்தையும் விட முக்கியம் ஒரு குரூப் போட்டோ. வாய்க்கால் தகராறில் அப்பாவோடு பல வருஷமாகப் பேசாத பெரியப்பா, அம்மா நேரில் போய் அழைத்ததற்காக வந்து, அந்த ஒரு படத்துக்கு மட்டும் நின்றார். சாப்பிடாமல் கிளம்பினார். கிளம்பும்போது, பந்தல்காலில் சாத்தி வைத்திருந்த அவர் குடையைக் காணோம்.

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக் கொடையக் களவாண்டுட்டாய்ங்க!" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா படம் மட்டும் நல்லா வரணும்டி. இல்லேன்னா வேணும்னே விட்டுட்டோம்பாரு. அப்புறம் சென்மத்துக்கும் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாரு."

"அது என் சோலி, விடும்மா."

படத்தைத் திறந்தால் ஒரே வெள்ளை. நான் அசரவில்லை. ஒரு படத்தின் மேல் அதே படத்தை இன்னொரு அடுக்காக வைத்து, இரண்டும் எப்படிக் கலக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லலாம். அதற்குப் பெயர் பிளெண்டிங் மோட். 'ஸ்க்ரீன்' என்றால் படம் வெளுக்கும். 'மல்டிப்ளை' என்றால் கறுத்து அழுத்தம் கூடும். ஸ்டுடியோவில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: கல்யாணப் படமா, யோசிக்காமல் ஸ்க்ரீன் போடு. மணமக்கள் முதல் பந்தல்கால் வரை வெளுப்பாக்கினால்தான் ஆல்பத்தைக் கையில் வாங்குவார்கள். ஆகவே பனியையும் சேர்த்து வெளுத்தேன். கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணனும் அண்ணியும் ஜொலித்தார்கள். பின்வரிசையைப் பார்க்க எனக்கு ஏது நேரம்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "எப்படி என் கைவண்ணம்?" என்று வேறு கேட்டேன்.

மறுநாள் வெள்ளனே பெரியப்பா வந்தார். படியேறவில்லை. வாசலில் நின்றபடியே செல்போனை நீட்டினார்.

"ஏ புள்ள, இதுல நான் எங்க நிக்கிறேன்?"

வேட்டி மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது. அது வேட்டிதான் என்று சத்தியம் செய்ய முடியாது.

"வந்தவன அழிச்சுப்புட்டீங்கல்ல. உங்கப்பன் சொன்னானா?"

அப்பா கதவுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடினேன். அப்போதுதான் புத்தியில் உறைத்தது: வெள்ளைக்குள் தொலைந்தவரை வெள்ளையடித்தா தேடுவது? ஸ்க்ரீனை எடுத்துவிட்டு மல்டிப்ளை போட்டேன்.

பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு மீசை வந்தது. பிறகு மீசைக்குச் சொந்தக்காரர்.

"இன்னொருக்கா போடு" என்று பெரியப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொரு அடுக்குப் போட்டேன். மீசை கருகருவென்று ஆனது. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆத்தாடி! இன்னும் ஒண்ணு போடு!"

அந்த அடுக்கில் அவர் தலைக்கு மேல் கறுப்பாக ஏதோ விரிந்தது. வெள்ளைத் துணியால் ஒட்டுப் போட்ட குடை.

"ஏ, இது என் கொடைல்ல! எந்தக் களவாணிப்பய புடிச்சிருக்கான்?"

குடைக்கு வெளியே, முழுக்க நனைந்தபடி, கையை மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்பா.

பெரியப்பா திரையில் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார். "தூத்தல் நின்னுருச்சுன்னுல்ல நெனச்சேன்…"

கதவு திறந்தது. அப்பா குடையோடு நின்றார்.

"அன்னிக்கே குடுத்திருக்கலாம்ல?"

"குடுக்க வந்தா பேசணும்லண்ணே."

பெரியப்பா எழுந்து படியேறி உள்ளே வந்தார். அம்மா அழுதுகொண்டே இட்லி வைத்தாள்.  நான் நடு வீட்டில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். (சுடிதாருக்குக் காலர் கிடையாது. அதனால் என்ன?)

அந்தப் படம்தான் இரண்டு வீட்டிலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அத்தனை மல்டிப்ளையில் கல்யாணமே அந்தி சாய்ந்து நடந்ததுபோல் இருக்கிறது. அண்ணியின் பட்டு என்ன நிறமென்று யாராலும் சொல்ல முடியாது. "கல்யாணம் எங்களுக்கா, அவுங்க ரெண்டு பேத்துக்கா?" என்று அண்ணி இன்றைக்கும் கேட்கிறாள். வீட்டில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், "ஏ புள்ள, ஒரு மல்டிப்ளை போடு!" என்று பெரியப்பா குரல் கொடுக்கிறார்.

ஆம், அவர் அடிக்கடி வருகிறார். குடையை எடுத்துப் போகத்தான் வந்தேன் என்பார். சாப்பிட்டுவிட்டு, அதை எங்கள் கதவுக்குப் பின்னாலேயே விட்டுவிட்டுப் போவார்.