காலரில் ஒரு குறையும் இல்லை

குளியாப்பிட்டிய,
புத்தாண்டு முடிந்த ஞாயிறு.

அன்புள்ள மல்காந்திக்கு,

மும்மணிகளின் காவல் உனக்கும், நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவி மேடத்துக்கும், அவருடைய முழங்காலுக்கும் கிடைக்கட்டும். இங்கே நான் நலம். செனுலி நலம், முன்பல் விழுந்துவிட்டது. தெனுக நலம், அக்காவுக்கு மட்டும் பல் விழுந்தது என்று இரண்டு நாள் அழுதான். உன் அம்மாவும் நலம், ஆனால் அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

இந்தக் கடிதத்தைப் பலகாரப் பொட்டலத்தோடு சந்திரலதா அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன், அவர் செவ்வாய்க்கிழமை சைப்பிரஸுக்கு விமானம் ஏறுகிறார். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனை நான் எடுத்தால் தெனுக பிடுங்குகிறான், அவனிடமிருந்து செனுலி, செனுலியிடமிருந்து உன் அம்மா, கடைசியில் என் கைக்கு வரும்போது சார்ஜ் இல்லை.

நீ கேட்டதற்கு முதலில் பதில். மேடம் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டச் சொல்கிறார், மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், என்ன செய்யட்டும் என்றாய். போட்டுவிடு. யோசிக்கவே யோசிக்காதே. பின்னறைக்கு ஓடு போட வேண்டியிருக்கிறது. நீ இல்லாமல் நாங்கள் இங்கே திண்டாடுகிறோம் என்று ஒரு நினைப்பு உனக்கு இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடு. அத்தாட்சி வேண்டுமா? வீடியோவில் பார்த்தாயே, எனக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரே துணியில் புத்தாண்டு உடுப்பு, அது முழுக்க நான் தைத்தது. எப்படித் தைத்தேன் என்று விவரமாக எழுதுகிறேன், படித்து முடித்ததும் உன் மனசு லேசாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் காரணம் செனுலியின் வகுப்பில் படிக்கும் நெத்சரா. அவள் வீட்டில் அம்மா, அப்பா, தம்பி எல்லோருக்கும் ஒரே துணியாம், அவளுடைய அம்மாவே தைக்கிறாளாம். செனுலி பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "நமக்கு யாரு தைப்பாங்க? நம்ம அம்மாதான் ஊர்ல இல்லியே" என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல், "நான் கார்மெண்ட்ல என்ன கடலையா விக்கிறேன்? நான் தைக்கிறேன்டி" என்று சொல்லிவிட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த உன் அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "மகன், நீங்க காலர்தானே போடுவீங்க?" என்றார். "காலர் போடத் தெரிஞ்சவனுக்குக் கழுத்துக்குக் கீழ என்ன பெரிய தூரம், மாமி?" என்றேன். வாய் கொழுப்பு. உனக்குத் தெரியாததா, மூன்றாம் வரிசையில் நான் காலர், நீ ஸ்லீவ், பத்மா அக்கா பட்டன் ஓட்டை, நான் காலர் வைத்த சட்டை நாலு மேசை தாண்டி உன்னிடம் வரும், நீ நிமிர்ந்து என்னைப் பார்ப்பாய், என்மேல் ஆசை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், காலரில் நூல் தொங்குகிறது என்று சொல்லத்தான் பார்த்தாய் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வரிசை மொத்தமும் சேர்ந்தால்தான் ஒரு சட்டைக்கு உண்டான அறிவு தேறும் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

துணி எடுப்பதே ஒரு கூத்தாகிப் போனது. இந்த வருஷம் அடுப்பு மூட்டவும் முதல் சோறு உண்ணவும் உடுக்க வேண்டியது செம்பு நிறம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். செம்பு என்றால் எது? பக்கத்து வீட்டில் ஆரஞ்சு எடுத்தார்கள், எதிர் வீட்டில் காப்பிக் கொட்டை நிறம் எடுத்தார்கள், இரண்டு வீடும் இப்போது பேசிக்கொள்வதில்லை. உன் அம்மா, "எதுக்கு வம்பு, செம்பைக் கொண்டுபோய் வெச்சே பாத்திடுவோம்" என்று பரணிலிருந்த செம்புப் பானையை இறக்கிப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். பாதி தேய்ப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. பானையை மடியில் வைத்துக்கொண்டு ஊரே வேடிக்கை பார்க்கப் போனோம். கடைக்காரர் கெட்டிக்காரர், ஆரஞ்சுத் துணியைத் தேய்த்த பக்கத்திலும் காப்பி நிறத்தைத் தேய்க்காத பக்கத்திலும் வைத்துக் காட்டி, "ரெண்டுமே அசல் செம்பும்மா" என்றார். "போன வருஷம் இதே துணியைத்தானே தேன் நிறம்னு வித்தீங்க?" என்று உன் அம்மா கேட்டதற்கு, "துணி மாறலம்மா, வருஷம்தான் மாறிருக்கு" என்றார். தேய்த்ததும் தேய்க்காததும் சேரும் இடத்தில் ஒரு நிறம் இருந்தது, அதற்குச் சரியாக ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்தோம். ஆனால் அந்த மனுஷன் அளவில் விளையாடிவிட்டான் மல்காந்தி, அதை அப்புறம் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து நான் முதலில் மூன்று காலர் தைத்தேன். மூன்றும் மின்னல் மாதிரி முடிந்தது, உன் அம்மாவே இரண்டு தடவை தடவிப் பார்த்தார். உள்ளே கஞ்சித் துணி இரண்டு மடிப்பு வைத்தேன், ஜென்மத்துக்கும் மடங்காது. அதற்குப் பிறகுதான் அந்தக் காலர்களுக்கு ஏற்ற மாதிரி சட்டை வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. கதவை வாங்கி வைத்துக்கொண்டு வீடு கட்டின கதைதான். என் பழைய சட்டையைத் துணிமேல் விரித்து, சாக்குக் கட்டியால் சுற்றிக் கோடு போட்டு, கோட்டின் மேலேயே வெட்டினேன். ஃபேக்டரியில் துணி வெட்டிக் கட்டுக் கட்டாகத்தான் நம் மேசைக்கு வரும், ஓரத்தில் தையலுக்கென்று யாரோ ஒரு புண்ணியவான் இடம் விட்டிருப்பான் என்பதே எனக்கு இத்தனை காலம் தெரியாது. தைத்துப் போட்டுப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. செனுலியின் கவுன் தெனுகவுக்குச் சரியாக இருக்கிறது. தெனுகவின் சட்டையை நம்ம பூனை முகர்ந்து பார்த்து, தனக்குத்தானோ என்று பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. பிரித்து, அங்கே இங்கே ஒட்டுப் போட்டு, இரண்டாம் தடவை தெனுகவுக்கு வெட்டினேன், இந்தத் தடவை இடமெல்லாம் தாராளமாக விட்டு, முன்பக்கம் இரண்டையும் இடது பக்கமாகவே வெட்டிவிட்டேன். "அப்பா, எனக்கு வலது பக்கம் இல்லியா?" என்று குழந்தை கேட்டான். இருக்குடா மகனே, துணிதான் இல்லை என்றேன். இதற்குள் துணி தீர்ந்துவிட்டது, பிரித்த முதுகும் ஒட்டுக்கே போய்விட்டதால் என் சட்டைக்கு முதுகு இல்லை. கடைக்காரன் அளவில் ஏமாற்றியதால் வந்த வினை. கடைசியில் நான் இடுப்பில் கட்டும் நீலக் கட்டம் போட்ட சாரத்தைக் கிழித்து முதுகாக்கினேன். முன்னால் பார்த்தால் செம்பு, பின்னால் பார்த்தால் குளிக்கப் போகிறவன். வீடியோவில் நான் முகத்தைக் காட்டியபடியே பின்னால் நடந்து நடந்து பாற்சோறு எடுக்கப் போனேனே, அது உன்மேல் இருக்கும் பிரியத்தால் என்று நீ நினைத்தாய். சரி, அதுவும்தான்.

உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ இல்லாமல் முடியவில்லை என்று ஆகிவிடும், அதனால் கேட்கவில்லை. ஃபேக்டரி லீவு, எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பக்கத் தையல் போடும் சோமசிறிக்கு மொனராகலைக்குப் போன் போட்டேன். "அண்ணே, துணி என் கைக்கு வந்தாத் தெரியும், வாயால சொல்லத் தெரியாதே" என்றான். துணியை போன் பக்கத்தில் வைக்கட்டுமா என்று கேட்டேன், அவன் போனையே வைத்துவிட்டான். பத்மா அக்கா பட்டன் ஓட்டை எப்படி என்று நன்றாகச் சொல்லிக் கொடுத்தார், ஆனால் ஓட்டையை எந்த இடத்தில் போடுவது என்று அவருக்கும் தெரியாதாம், ஃபேக்டரியில் புள்ளி வைத்துத்தான் வருமாம். ஸ்லீவுக்கு யாரிடம் கேட்பது? உன் மேசையில் இப்போது ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய நம்பர் என்னிடம் இல்லை. கேட்கவும் இல்லை. இதை நீ இரண்டு தடவை படித்துக்கொள்.

ஸ்லீவ் வைக்கலாம் என்று நான் மெஷினில் உட்கார்ந்த நேரம் பார்த்து ஊரெல்லாம் பட்டாசு வெடித்தது. நோனகதே தொடங்கிவிட்டது, இனி புது வருஷம் பிறந்து சுபநேரம் வரும்வரை ஒரு வேலையும் தொடக் கூடாது. உன் அம்மா ஓடி வந்து, "ஊசியக் கீழ வைங்க மகன்" என்றார். "ஒரே ஒரு ஸ்லீவ் மாமி." "ஒரு ஸ்லீவோட வருஷம் பொறந்தா வருஷம் பூரா ஒரு ஸ்லீவுதான்." மெஷின்மேல் பாயைப் போட்டு மூடி, பாய்மேல் அவரே உட்கார்ந்துகொண்டார். செனுலி மூன்று உடுப்பையும் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டுப் பார்த்தாள். காலர் மூன்றும் கம்பீரமாக நிற்கிறது, தோளில் ஓட்டை. "அப்பா, நெத்சரா என்ன சொல்லுவா?" என்று மட்டும் கேட்டாள், அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆனாலும் பார், காலையில் சுபநேரத்துக்கு அடுப்பு மூட்டிப் பால் பொங்கி, சோற்றுக்கு உட்கார்ந்தபோது மூன்று பேர் தோளிலும் ஸ்லீவ் இருந்ததா இல்லையா? நீயே பார்த்தாய். கண் கலங்கி, "ரொம்ப அழகா இருக்கு, ஸ்லீவையும் நீங்களே வெச்சீங்களா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். தெனுக ஏன் போலீஸ்காரன் மாதிரி கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாயை மட்டும் திறக்கிறான் என்று கேட்டாய், மரியாதை என்றேன். அம்மா ஏன் தோளையே பிடித்துக்கொண்டிருக்கிறார், வலியா என்று கேட்டாய், "ஒண்ணுமில்ல, நீ சாப்பிட்டியா?" என்று அவர் பேச்சை மாற்றினார். செனுலி வெற்றிலையைப் போன் முன்னால் வைத்து உன்னைக் கும்பிட்டாளே, தலையைக் குனியாமல் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டது திமிரால் இல்லை, காலர் குனிய விடவில்லை. அவ்வளவு நன்றாகத் தைத்திருக்கிறேன்.

ஆகையால் மல்காந்தி, இங்கே எதற்கும் குறைவில்லை. பிள்ளைகளுக்கு உடுப்பு இருக்கிறது, சோறு இருக்கிறது, தைக்கத் தெரிந்த அப்பன் இருக்கிறான். நீ நிம்மதியாகக் கையெழுத்துப் போடு. பொட்டலத்தில் கொக்கீஸும் கெவுமும் இருக்கிறது, உடைந்த கொக்கீஸ் நான் சுட்டது, மேடத்துக்கு முழுசாக இருப்பதைக் கொடு. புது வருஷம் உனக்கு உடம்பில் தெம்பையும் அந்த வீட்டுப் படிகளில் நிதானத்தையும் தரட்டும். பிள்ளைகள் இரண்டு பேரும் உன் பாதம் தொட்டு வணங்குகிறார்கள், உன் அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள
அஜந்த

பி.கு. பொட்டலத்தைக் கட்டிவிட்டு மறுபடியும் அவிழ்த்து இதை எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கடைக்காரர் அளவில் ஏமாற்றவில்லை. பாவம், ஒரு சாண் கூடவே விட்டுக் கிழித்தார். வந்ததும் நான் முதலில் வெட்டியது உன் பிளவுஸைத்தான், அதில் போனதுதான் என் முதுகு. ஸ்லீவும் நான் வைக்கவில்லை, ஊக்குப் போட்டு நிறுத்தியிருந்தோம். "தைக்கிறதுதான் வேலை மகன், குத்துறது வேலையில்ல" என்று தீர்ப்புச் சொன்னது உன் அம்மா. தன் சேலையிலிருந்த ஊக்கையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு, முந்தானையைக் கையால் பிடித்துக்கொண்டேதான் பாற்சோறு சாப்பிட்டார். தெனுக கையைத் தூக்கியிருந்தால் குத்தியிருக்கும். நோனகதே முடிந்த பிறகு நான்கு தடவை வைத்துப் பார்த்துவிட்டேன், எனக்கு வரவில்லை, அக்குளில் பை மாதிரித் தொங்குகிறது. செனுலி, "அம்மா வந்து வெப்பாங்க, விடுங்கப்பா" என்று எல்லாவற்றையும் மடித்து மெஷின்மேல் வைத்துவிட்டாள். உன் பிளவுஸ் கொக்கீஸுக்கு அடியில் இருக்கிறது. பிளவுஸுக்கு யாராவது காலர் வைப்பார்களா என்று உன் அம்மா கேட்டார், எனக்குத் தெரிந்தது அதுதானே. அதன் ஸ்லீவ் இரண்டையும் அனுப்பவில்லை. அவையும் எங்களுடைய ஸ்லீவுகளும் இங்கே மெஷின்மேல்தான் இருக்கின்றன. கையெழுத்துப் போடாதே. பின்னறைக்குத் தகரம் போதும். வேலைக்குப் புறப்பட நல்ல நேரம், நல்ல நிறம், பார்க்க வேண்டிய திசை எல்லாம் ரேடியோவில் சொன்னார்கள், வீட்டுக்குத் திரும்பி வர எது நல்ல நேரம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் கேட்டேன். "அதுக்கெல்லாமா நேரம் பாப்பாங்க?" என்றார்.