தொட்டியில் டாக்டர் காலமான விவரம்

மேன்மை பொருந்திய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். மீன்களும் நலம். நலம் இத்துடன் முடிந்தது.

போனில் சொல்ல நாக்கு எழவில்லை. நீங்களும் என் மகள் பாப்பாவும் ஊருக்குக் கிளம்பும்போது, "சொந்த அண்ணனை நம்பிக்கூட இதை விடமாட்டேன் மாமா, நீங்க இருக்கீங்க, அது போதும்" என்று உங்கள் கடல்நீர் மீன்தொட்டியை என்னிடம் ஒப்படைத்தீர்களே, கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நீங்கள் என்னை நம்பி விட்ட முதல் பொருள் அது, அந்தப் பூரிப்பில் ஞாயிறு காலை நீங்கள் எழுதிவைத்தபடியே கண்ணாடிப் பாசியைத் துடைத்தேன், குழாயை வாயால் உறிஞ்சி ஒரு வாளி பழைய தண்ணீரை இறக்கினேன் (அரை டம்ளர் என் வயிற்றுக்குள் இறங்கியது, அது கிடக்கட்டும்), புதுத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, அளந்து, சூடு பார்த்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மெல்ல ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் உங்கள் செல்ல இறால், மீன்களின் வாயைச் சுத்தம் பண்ணுகிறதென்று டாக்டர் என்று பெயர் வைத்தீர்களே, அவர் மல்லாந்து கிடக்கிறார்! மீசை, கால் எல்லாம் அப்படியே இருக்கு, உள்ளே ஆள் இல்லை. "ஐயையோ, உப்பு கூடிப்போச்சா, குறைஞ்சுபோச்சா?" என்று அலறினேன். உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "குழம்புக்கே உங்களுக்கு உப்பு போடத் தெரியாது, கடலுக்குப் போடப் போயிட்டீங்க" என்கிறாள்.

பால்கனிப் பூந்தொட்டியில் அவரை அடக்கம் பண்ணினேன். அதுக்கப்புறம்தான் கொடுமை. அந்த மஞ்சள் மீன் டாக்டர் உட்கார்ற கல்லுக்கு முன்னால போய் வாயைப் பிளந்துக்கிட்டுக் காத்துக்கிட்டே நிக்குது மாப்பிள்ளை. அதுகிட்ட நான் என்னன்னு சொல்வேன்? கடையில வேற இறால் வாங்கிப் போட்டு மறைச்சிடலாமான்னுகூட நினைச்சேன், உங்க முகம் ஞாபகம் வந்தது, முடியலை. காலிங்பெல் அடிச்சா, நீங்கதானோன்னு கதவு ஓட்டையில எட்டிப் பார்த்துட்டுத்தான் திறக்கறேன். நீங்க திட்டினாக்கூடத் தாங்குவேன். "பரவாயில்லை மாமா"ன்னு சிரிச்சுட்டு, இனிமே எதையுமே என்கிட்ட ஒப்படைக்காம இருந்துடுவீங்களோன்னுதான் பயம்.

பாப்பாவிடம் பக்குவமாகச் சொல்லவும். நீங்கள் இருவரும் என் கை படாத தூரத்தில் நூறாண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குற்றவாளி மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில், வாளிக்கு அடியில் ஒட்டிக்கிடந்த உங்கள் இன்னொரு தாளை அத்தை உரித்தெடுத்து நீட்டினாள். "அத்தைக்கு: இறால் அப்பப்போ சட்டை உரிக்கும். உரிச்ச ஓடு செத்த இறால் மாதிரியே இருக்கும். ரெண்டு நாள் கல் இடுக்குல ஒளிஞ்சிருந்துட்டு வெளியே வரும். மாமா பயந்த சுபாவம், முதல்லயே சொல்லிவைங்க." நிமிர்ந்து பார்த்தேன். டாக்டர் கல்மேல் உட்கார்ந்து மஞ்சள் மீனின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார். நான் அடக்கம் பண்ணியது அவர் சட்டையை. இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனசு வரவில்லை, மேலே உள்ளதைப் படிக்காமல் விட்டுவிடவும். அது சரி மாப்பிள்ளை, நான் பயந்த சுபாவம்னு உங்ககிட்ட யார் சொன்னது?