டிரைவருக்கு இனிப்புக் கொடுக்காதீர்கள்

தான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு பஸ் நிறைய ஆட்களை மலைப்பாதையில் காக்க வைத்து, அதற்காக ஒருவரிடம்கூடத் திட்டு வாங்காத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவர் அண்டா டிரைவர். கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டினார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் அப்போது வெள்ளிமலையில் பள்ளிக்கூட வாத்தியார். கள்ளக்குறிச்சியில் ரூம் எடுத்துத் தங்கி, காலையில் அந்த வண்டியில் ஏறிப் போய் மாலையில் அதே வண்டியில் திரும்புவேன். ஆகவே அண்டாவின் வயிற்றை, அது முழுசாக இருந்த காலத்திலும் முக்கால்வாசி போன காலத்திலும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அவரைப் பற்றி எழுத எனக்கு அந்த ஒரு தகுதி போதும்.

முழுசாக இருந்த காலத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஸ்டீயரிங் உரசி உரசி அவருடைய காக்கிச் சட்டையின் வயிற்றுப் பக்கம் அரைவட்டமாகத் தேய்ந்திருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் வண்டியைத் திருப்புவார். விவரம் தெரிந்த கல்யாண வீடுகளில் அவரைக் கடைசிப் பந்திக்குத்தான் கூப்பிடுவார்கள். நைனார்பாளையத்தில் ஒரு வீட்டில் மரியாதைக்கு முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்களாம். அடுத்த பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, இலையில் உப்பும் ஊறுகாயும் மட்டும் இருப்பதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டாராம். இது கண்டக்டர் காதர் சொன்னது. காதர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்தாலும் மிச்சம் ஒரு மனிதன் தின்கிற அளவாக இருக்காது.

இனிப்பு என்றால் அவருக்கு உயிர். டீயில் சர்க்கரை கரையாமல் அடியில் தங்க வேண்டும். அதை விரலால் வழித்து நக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். வயிற்று வலி வந்தால் ஒரு சோடா குடிப்பார், ஏப்பம் விடுவார், "போய்டுச்சி" என்பார்.

போகவில்லை. ஒருநாள் மலை ஏறுவதற்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி இறங்கி ரத்தமாக வாந்தி எடுத்தார். காதர் எதிரே வந்த லாரியை மறித்து ஏற்றிக்கொண்டு போனார். பெரிய ஆஸ்பத்திரியில், புண் ரொம்ப முற்றிவிட்டது என்று இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்துத் திரும்பி வந்த அண்டாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடம் இருந்தது. டாக்டர் சொல்லி அனுப்பியது இதுதான்: இனிமேல் ஒரு வேளைச் சாப்பாடு என்றால் ஒரு கைப்பிடி. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் என்று உடம்பில் சதை பிடிக்கிற சாப்பாடாகக் கொஞ்சம் கொஞ்சம், அடிக்கடி. சோறு பேருக்கு. சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் ஆகாது. மீதி இருக்கிற வயிற்றில் அது நிற்காமல் குடலுக்குள் ஓடும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்குக் கண் இருட்டினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சொல்லவில்லை. பஸ் முதலாளி சொன்னார்.

"ஒரே ஒரு தடவ மயக்கம்னு என் காதுல வுழுந்துச்சி, அப்பறம் நீ ஷெட்ல வண்டி கழுவ வேண்டிதுதான்."

அண்டாவுக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. லட்டை விடச் சொன்னார்கள், விட்டார். ஸ்டீயரிங்கை விடச் சொன்னால் அந்த மனிதர் இருந்திருக்க மாட்டார். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அவர் சம்சாரம் சரோஜா அக்கா, பவுடர் டப்பா அளவு டப்பாக்களில் சாப்பாடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். ஒன்றில் முட்டை, ஒன்றில் சுண்டல், ஒன்றில் முள் எடுத்த மீன். நேரம் வந்தால் வண்டி எந்த இடத்தில் இருந்தாலும் நிற்கும். "நல்லா மென்னு துன்னணும்" என்று டாக்டர் சொன்னதை அண்டா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒரு முட்டையை அவர் மென்று முடிப்பதற்குள் பொம்பளைகள் இறங்கி ஒரு கட்டுச் சுள்ளி பொறுக்கிவிட்டு வருவார்கள். மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் தினமும் முட்டை நேரம் வரும். வண்டியைத் தவறவிட்டவர்கள் குறுக்கு வழியில் ஓடிவந்து அங்கே ஏறிக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் ஜனங்களே "முட்ட ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட்டு" என்று கேட்டார்கள், காதரும் கொடுத்தார். வசூல் கூடியதால் முதலாளி வாயைத் திறக்கவில்லை.

போதாக்குறைக்கு அண்டா எங்கள் வயிற்றுக்குள்ளும் புகுந்தார்.

"சாரு காலைல இன்னா சாப்ட்டீங்க?"

"நாலு இட்லி."

"அதுல இன்னா கீது? வெறும் மாவு. ரெண்டு இட்லியக் கம்மி பண்ணிட்டு ஒரு முட்ட துன்னுங்க. பசங்களுக்குப் பாடம் நடத்துறவுரு, தெம்பு வேணாமா?"

இப்படிச் சொன்னவர் இரண்டு தோசையை ஒரே வாயில் அனுப்பியவர் என்பது எனக்குத் தெரியும். சாத்தான் வேதம் ஓதுகிறது என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன்.

ஆனால் அவருக்கு வந்த ஆபத்து நோயால் வரவில்லை, ஊரார் பாசத்தால் வந்தது. நம் பக்கத்தில் ஒருவர் இளைத்துவிட்டால் ஜனங்களுக்குப் பொறுக்காது. "இன்னாங்க டிரைவரே, பாதி ஆளா வந்துக்கீறீங்க?" என்று கண் கலங்குவார்கள். மறுநாள் குளுக்கோஸ் டப்பாவோடு வருவார்கள். ரிஷிவந்தியத்திலிருந்து ஒருவர் கோயிலில் அர்ச்சனை செய்து ஒரு தூக்கு வாளி பாயசத்தோடு பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். மலைமேல் இருந்து தேன் வந்தது. அண்டா எல்லாவற்றையும் கும்பிட்டு வாங்கி, வாசனை மட்டும் பிடித்துவிட்டுக் காதரிடம் கொடுப்பார். அந்த வருஷம் காதர் ஒரு சுற்றுப் பெருத்தார்.

பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். சர்க்கரை இல்லாத டீ கேட்ட அண்டாவுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்துவிட்டார். கச்சிராயபாளையம் தாண்டியதும் அண்டாவுக்கு வேர்த்துக் கொட்டியது. வண்டியை ஓரமாக நிறுத்திச் சாவியைக் கழற்றிக் காதரிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் போய்ப் படுத்துவிட்டார். டயர் சூடாகிவிட்டது என்று காதர் எங்களுக்குச் சொன்னார். திரும்பி வந்து கேட்டபோது டீ மாஸ்டர் அழுதுவிட்டார். "மனசு கேக்கலண்ணே. ஒனக்கா நான் வெறுந்தண்ணி ஆத்திக் குடுக்குறது?"

அதற்கப்புறம்தான் காதர் ஒரு பெயின்டரைக் கூட்டிவந்து, "கை, தலை வெளியே நீட்டாதீர்கள்" என்பதற்குக் கீழே "டிரைவருக்கு இனிப்புக் கொடுக்காதீர்கள்" என்று எழுதி வைத்தார்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. வண்டி எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் மறியலுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தைக் காலையிலேயே மூடிவிட்டதால் அப்போதே மலையிலிருந்து இறங்கி வருகிறோம், அடிவாரத்து ஊர் ஒன்றில் ரோட்டின் குறுக்கே மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பின்னால் திரும்பினால் அங்கேயும் ஒன்றைச் சாய்த்துவிட்டார்கள். நடுவில் நாங்கள். உச்சி வெயில் ஏறுவதற்குள் அண்டாவின் டப்பாக்கள் காலி.

மறியல் செய்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். வழியில் மாட்டிக்கொண்ட ஜனங்களுக்கும் சேர்த்தே சாலையோரம் அடுப்பு மூட்டியிருந்தார்கள். அப்போதுதான் ஊரில் வெல்லம் காய்ச்சி முடித்திருந்ததால், சோற்றோடு ஒரு பெரிய பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலும் வெந்தது. பரிமாற வந்த பெரியவர் ஒருவர் அண்டாவை எங்கோ ஒரு பந்தியில் பார்த்திருக்கிறார்.

"அடடே, நம்ம அண்டா டிரைவரு. இவுரு இலைல நல்லா அள்ளிப் போடுங்கப்பா."

அள்ளிப் போட்டார்கள். அண்டா கை வைக்கவில்லை.

"ஒடம்புக்கு ஆவாதுங்க, தப்பா நெனைக்காதீங்க" என்றார். பெரியவர் முகம் மாறியது. கோஷம் போட்டுத் தொண்டை கட்டிய இளைஞன் ஒருவன் முன்னால் வந்தான்.

"ஏன், எங்க ஊரு சோறு ஒங்களுக்கு எறங்காதா?"

அந்த நாட்களில் நீ என்ன சாதி என்று யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். சாப்பாட்டை வைத்துக் கேட்பார்கள். இலையை ஒதுக்கிவிட்டு எழுந்தால் அன்றைக்கு எது வேண்டுமானாலும் நடந்திருக்கும். சாப்பிட்டு விழுந்தால் வேலை போகும். அண்டா ஒரு தடவை எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"வேணாண்ணே" என்றார் காதர்.

அண்டா ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். இன்னொன்றும் போட்டார். முழுக்க முழுக்க மரியாதைக்காகத்தான் தின்றார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வெகுநாள் கழித்து வெல்லம் பட்ட அந்த வாய் கொஞ்ச நேரம் மெல்லாமல் அப்படியே இருந்தது. மூன்றாவது கவளத்துக்கு முகம் வெளுத்து, சட்டை நனைந்து, இலையின்மேலேயே சாய்ந்துவிட்டார்.

இனிமேல்தான் கூத்து. மயங்கி விழுந்தவனுக்கு நம் ஊரில் முதலில் என்ன கொடுப்பார்கள்? ஊர்ப் பெண்கள் நாலா பக்கமிருந்தும் சொம்பு சொம்பாக வெல்லத் தண்ணியோடு ஓடிவந்தார்கள். எங்கள் வண்டி ஜனங்கள் எழுந்து, அண்டாவைச் சுற்றிக் கைகோத்து நின்றுவிட்டார்கள். ரோட்டை அவர்கள் மறிக்க, அவர்களை நாங்கள் மறித்தோம். வெள்ளிமலைச் சந்தைக்குப் போய்விட்டு வந்த ஒரு அம்மாள், தன்னை விட உயரமான ஆளின் கையிலிருந்த சொம்பைத் தட்டிவிட்டாள். "குடுத்தா செத்துடுவாருய்யா, வண்டில எழுதிக்கீது பாரு" என்று கத்தினாள். நானும் கைகோத்து நின்றேன். எந்தப் போராட்டத்திலும் நான் கலந்துகொண்டது அந்த ஒன்றில்தான்.

காதர் குனிந்து அண்டாவின் சட்டையைத் தூக்கிக் காட்டினார். நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புள்வரை தையல் தழும்பு.

"வவுத்த வெட்டி எடுத்துட்டாங்கய்யா. இனிப்பு துன்னா இப்டிதான் ஆவும். அது தெரிஞ்சிதான் துன்னாரு."

அந்த இளைஞன் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, தரையில் உட்கார்ந்து, அண்டாவுக்கு விசிற ஆரம்பித்தான். அவன் அழுதான். எனக்கும் அழுகை வந்தது. வேறு என்ன தின்னலாம் என்று காதரிடம் கேட்டுக்கொண்டு போன பெண்கள், அடை வைக்க எடுத்து வைத்திருந்த முட்டைகளை வேக வைத்து மடி நிறையக் கொண்டுவந்தார்கள். அண்டா தெளிந்து உட்கார்ந்து ஒரு முட்டையை மென்று முடிக்கும்வரை அந்த ஊரும் எங்கள் வண்டியும் சேர்ந்து காத்திருந்தோம். சாயங்காலம் மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள்.

கள்ளக்குறிச்சிக்கு எங்களுக்கு முன்னால் சேதி போய்விட்டது. மறுநாள் காலை முதலாளி வண்டிக்குள் ஏறி நின்றுகொண்டு, ஒவ்வொருவராகக் கேட்டார்.

"நேத்து டிரைவரு மயங்கி வுழுந்தாராமே?"

"அவுரா? அவுரு நல்லாத்தான் இருந்தாருங்க. வெயில் தாங்காம நாந்தான் வுழுந்தேன்" என்றாள் சொம்பைத் தட்டிய அம்மாள். பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர், விழுந்தது தான்தான் என்றார். மூன்றாவதாக ஒருவர் எழுந்தார். முந்தின நாள் அவர் வண்டியிலேயே இல்லை. என் முறை வந்தது. நானும் ஒன்றுமே நடக்கவில்லை என்றேன், நன்றாக உரக்கவே சொன்னேன்.

முதலாளி நம்பினாரோ இல்லையோ, முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு எடுக்கச் சொன்னார். மலை ஏறுகிற இடம் வந்ததும் அண்டா வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"எல்லாரும் பொய் சொல்றாங்க மொதலாளி. நாந்தான் வுழுந்தேன். பொங்கல் துன்னேன், வுழுந்தேன்."

"ஆவாதுன்னு தெரியுமில்ல? எதுக்குய்யா துன்ன?"

"மறுக்க முடியல. நல்லாவும் இருந்துச்சி" என்றார். பிறகு சொன்னார்: "இவங்கல்லாம் தெரிஞ்சே ஏறி ஒக்காந்துகினுகீறாங்க. நீங்க தெரியாம ஒக்காந்து மேல வரக் கூடாது. அதான் சொல்லிட்டேன். சாவி இந்தாங்க."

முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு எழுந்து, வண்டி முழுவதையும் பார்த்தார். "பயமா இருக்கறவங்க எறங்கிக்கோங்க. காசத் திருப்பித் தரச் சொல்றேன்" என்றார். ஒருவரும் அசையவில்லை. அவர் மேலே வளைந்து போகிற பாதையைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். சாவியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எடு. நேரமாவுது" என்று சொல்லிவிட்டு, முன்கம்பியைப் பிடித்தபடி வெள்ளிமலை வரைக்கும் உட்கார்ந்து வந்தார்.

அண்டா ஓய்வு பெறும் வரைக்கும் அந்த சீட்டில்தான் இருந்தார். எனக்கு அதற்கு முன்பே மாற்றல் வந்துவிட்டது. எத்தனையோ வண்டிகளில் எத்தனையோ ஊர்களுக்குப் போய்விட்டேன். அவர் ஓட்டிய வண்டியில் தூங்கியதுபோல அப்புறம் எதிலும் நான் தூங்கியதில்லை.