ரூட்டருக்குக் குளிர் எடுத்த கதை

"உன் வேலையை நான் காப்பாத்தப் போறேன், சொலோமியா!"

காப்பிக் கோப்பையை உயர்த்திச் சபதமே செய்துவிட்டான் ஒரெஸ்த். லிவிவ் நகரில் அவர்கள் வீட்டுக்கான அந்த வார மின்வெட்டு அட்டவணை அப்போதுதான் வந்திருந்தது. வியாழன், மாலை நாலிலிருந்து எட்டு.

அவன் மனைவி சொலோமியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆசிரியை. வியாழன் ஐந்து மணிக்கு இணையத்தில் வகுப்பு. ஏற்கெனவே இரண்டு முறை கரண்ட் போய், வகுப்பு பாதியில் அறுந்துவிட்டது. மூன்றாவது முறையும் அறுந்தால் பாடம் வேறு ஆளுக்கு என்று துறைத் தலைவர் சொல்லியாயிற்று.

மனைவிக்காக ஒருவன் சபதம் செய்தால் உடனே உருகிவிட வேண்டுமா? அவனுக்கு அதில் என்ன லாபம் என்று கேட்க வேண்டாமா? வியாழன் ஆறு மணிக்கு டிவியில் கால்பந்து ஆட்டம். அதுதான் லாபம்.

"சூட்கேஸ் மாதிரி ஒரு பேட்டரிப் பெட்டி வருது. அதை வாங்கிடலாம்" என்றான்.

"ரூட்டருக்கா? அது என்ன, ரயிலா?"

"அடாப்டர் லேபிளைப் பாரு. ரூட்டர் இருபத்துநாலு வாட். ஃபைபர் பெட்டி பன்னிரண்டு. மொத்தம் முப்பத்தாறு!"

"லேபிள்ல இருக்கறது அதிகபட்சம், ஒரெஸ்த். நிஜமா எவ்வளவு இழுக்குதுன்னு அளந்து பார்க்கணும். நீ நில அளவைக்காரன்தானே?"

கீழ்வீட்டு பானி ஸ்தெஃபா டிராம் பணிமனையில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளிடமிருந்து வாட் மீட்டர் வந்தது. சுவர் பிளக்கில் மீட்டர், அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் ரூட்டரும் ஃபைபர் பெட்டியும். சொலோமியா கண்ணாடி எடுத்துவரப் போன நேரத்தில் ஒரெஸ்த் இன்னொன்றையும் அதில் செருகிவிட்டான். அலமாரிக்குப் பின்னால் ஓடும் அந்த ஒயர், மீன் தொட்டி ஹீட்டருடையது.

மீட்டர் ஐம்பத்தொன்பது காட்டியது.

"பார்த்தியா! லேபிளே குறைச்சுத்தான் சொல்லியிருக்கு!"

டிக். ஒன்பது.

ஹீட்டர் என்றால் தண்ணீர் சூடானதும் நின்றுவிடும் என்பதை நில அளவைக்காரன் மறந்துபோனான்.

"இது என்ன, திடீர்னு ஒன்பது?"

"அது... ஓய்வெடுக்குது."

சொலோமியா ஒரு ஜாடி குளிர்ந்த தண்ணீரை எடுத்து மீன் தொட்டியில் ஊற்றினாள். டிக். ஐம்பத்தொன்பது.

"பாவம், மீனைக் குளிப்பாட்டினா ரூட்டருக்குக் குளிர் எடுக்குது" என்றாள். "சரி, நீ சொன்னபடியே பெரிய பெட்டியை வாங்கிடலாம்."

ஒரெஸ்துக்குத் தரையில் கால் பாவவில்லை.

"ஆனா கணக்கு இடிக்குதே" என்றாள் அவள். "ஐம்பத்தொன்பது வாட் இழுத்தா அந்தப் பெட்டி சரியா நாலு மணி நேரம்தான் தாங்கும். கரண்ட் போறதே நாலு மணி நேரம். வகுப்பு முடிஞ்சதும் பிள்ளைங்க சந்தேகம் கேட்டுட்டு எட்டு வரைக்கும் இருப்பாங்க. அதனால அதுல மத்த பிளக் ஓட்டையெல்லாம் டேப் போட்டு ஒட்டிடறேன். டிவிக்கு ஒரு சொட்டுகூடக் கிடையாது."

"ஒரு... ஒரு தொண்ணூறு நிமிஷம்?"

"ஒரு நிமிஷம்கூட இல்லை. என் வேலை முக்கியமில்லையா?"

"முக்கியம்தான். ஆனா அது அவ்வளவு இழுக்காது."

"மீட்டர் பொய் சொல்லுமா?"

"மீட்டர் சொல்லலை, நான்தான் சொன்னேன்! ஒன்பது! சத்தியமா ஒன்பது வாட்தான்! மிச்சமெல்லாம் மீன்!"

"ஒன்பதுதானா? அப்ப இது போதும்." அலமாரியைத் திறந்து, செங்கல் அளவுகூட இல்லாத ஒரு சின்ன பேட்டரியை எடுத்தாள். ரூட்டருக்கு ஒரு ஒயர், ஃபைபர் பெட்டிக்கு ஒரு ஒயர். "திங்கட்கிழமையே பானி ஸ்தெஃபாவும் நானும் அளந்து வாங்கியாச்சு."

"அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?"

"ஒன்பதுன்னு நான் சொல்லியிருந்தா ஒரு வாரம் வாதாடியிருப்பே. நீயே சொல்லிட்டே. இனி யார்கிட்ட வாதாடுவே?"

வியாழன் நாலு மணிக்கு வீடு இருண்டது. டிவி செத்துக் கிடந்தது. ரூட்டரின் பச்சை விளக்குகள் மட்டும் சிமிட்டின. ஐந்து மணிக்கு முப்பத்தொரு முகங்கள் திரையில் வந்தன. எட்டு வரை ஒருவர்கூட அறுந்து போகவில்லை. துறைத் தலைவரே எட்டிப் பார்த்து, "பாடம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நன்றி சொன்ன மாணவர்களிடம், "நன்றியெல்லாம் என் கணவருக்குச் சொல்லுங்க" என்றாள் சொலோமியா. "மின்சாரத்தை அளந்ததில் அவருக்கும் பங்குண்டு."

முப்பத்தொரு நன்றிகள் திரையில் வரிசையாக ஏறின. இருட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்த ஒரெஸ்த் கதவு வழியாக அதைப் பார்த்தான். ஆட்டம் போனால் போகட்டும், அவள் வேலை தப்பியதே. எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான்.

"நான்தான் உனக்கு நன்றி சொல்லணும், சொலோமியா. நான் பண்ணின திருட்டுத்தனத்தை அவங்ககிட்ட நீ சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்றது? அது அடுத்த வாரப் பாடமாச்சே" என்றாள் அவள். "அளவீட்டுப் பிழைகள்."