எங்க போர்மேன் பேருதான்

காலையில் பூவராகவன் ஸ்டவ்வைப் பற்றவைத்தான். சோறு வடித்தான். டிபன் டப்பாவில் அடைத்து மூடினான். சாயங்காலம் அதைத் திறக்காமலே கொண்டுவந்து தெருநாய்க்குக் கொட்டுவான். மனைவி செண்பகத்தை மஞ்சள் காமாலை என்று திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அப்படித்தான். அவள் இறந்த பிறகும் அப்படித்தான்.

சட்டையை மாட்டும்போது இன்சூரன்ஸ் ஏஜெண்டு நாகமுத்து வாசலில் வந்து நின்றார்.

"உங்க ஊட்டம்மா பேர்ல ஒரு பாலிசி இருக்குது சார். கம்பெனி பொம்பளைங்க எல்லாம் போட்டப்ப அவங்களும் போட்டாங்க. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. காக்களூர் எஸ்டேட்டில் போல்ட் கம்பெனியில் வேலை பார்த்தவள் செண்பகம். காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. பி.ஏ. படித்த பூவராகவன் வாங்கிப் படித்தான். பணம் பெற வேண்டியவர்: கணவர், ஆசீர்வாதம்.

"யாருங்க இது?"

நாகமுத்து தலையைச் சொறிந்தார். "ஊட்டுக்காரர் பேரு இன்னாம்மான்னு கேட்டேன். சிரிச்சாங்க. புருஷன் பேர எந்தப் பொம்பள சொல்லுது? 'எங்க போர்மேன் பேருதான்'னாங்க. எதிர்ல நின்ன போர்மேன கேட்டேன். ஆசீர்வாதம்னாரு. எழுதிக்கினேன்."

"அங்க ரெண்டு போர்மேன். இன்னொருத்தர் பேரும் என் பேர்தான், பூவராகவன்."

"நான் காதல் கல்யாணம்னு நெனச்சிக்கினேன் சார்."

"எனக்குப் பணம் வேண்டாம்."

"வேணாம்னு எழுதித் தர்றதுக்கும் நீங்க புருஷனா இருக்கணுமே சார்."

அது மட்டும் அவனுக்கு உறைத்தது. அன்றைக்கு லீவு போட்டான்.

ரேஷன் கார்டு பொதட்டூர்பேட்டையில் அப்பா பேரில் இருந்தது. கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு இல்லை. ஆசீர்வாதம் 'நான் கணவன் அல்ல' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் நாகமுத்து. ஆசீர்வாதம் எழுதினார். அதை அவர் மனைவி ஆரோக்கியமேரி படித்துவிட்டாள்.

"இல்லன்னு எழுதிக் குடுக்கிற அளவுக்கு இன்னாய்யா நடந்துச்சி? என்ன கட்டினதுக்கே நீ ஒண்ணும் எழுதித் தரல!"

கத்திக்கொண்டே இன்சூரன்ஸ் ஆபீசுக்கே வந்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த நாகமுத்து இன்னொரு போர்மேனை ஓடிப்போய் அழைத்து வந்தார்.

"அந்தப் பொண்ணு சொன்னது என் பேருதான் சார்," என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

விசாரணை அதிகாரி பேனாவை மூடினார். "காலையில ஒரு புருஷன் இருந்தாரு. இப்ப மூணு பேரு."

சிரிப்பு வருகிறதா என்று பூவராகவன் பார்த்தான். வரவில்லை.

"அந்தம்மா தன் வாயால இவர் பேரைச் சொல்லி யாராவது கேட்டிருக்கீங்களா?" என்றார் அதிகாரி.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவைச் சாட்சிக்குக் கூட்டிவந்தார்கள்.

"இன்னா சார் கேக்கற? மூணு வருசமா பக்கத்து ஊடு. 'இந்தாங்க'ம்பா. 'அவரு'ம்பா. பேர எதுக்குச் சொல்லப் போறா?"

"சரி. சாட்சியில எழுதணும். உங்க வீட்டுக்காரர் பேரு?"

கன்னியம்மா சுற்றிலும் பார்த்தாள். விரலை நீட்டினாள். "அதோ, அந்த ஏஜெண்டு பேருதான்."

அதிகாரி எழுந்துவிட்டார். "ஆஸ்பத்திரியில விசாரிச்சுட்டு ஃபைலை மூடிடறேன். பாலிசி போட்டு ஒரு வருஷம்கூட ஆகலை. எப்படியும் அங்கே போகணும்."

"மூடினா?" என்றான் பூவராகவன்.

"கணவர் யார்னு தெரியலைன்னு எழுதணும்."

பூவராகவன் பின்னாலேயே நடந்தான். கையில் டப்பா இருந்தது.

வார்டு வாசலில் ஆயா ரோசம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் டப்பாவைப் பார்த்தாள். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீதானே நைனா அது? அன்னிக்கி நான் சொல்றதுக்குள்ள உள்ள ஓடிட்ட. அப்பால உன்கிட்ட வர்றதுக்கே எனக்குத் தைரியம் வரல."

"என்னம்மா சொல்றதுக்கு?" என்றார் அதிகாரி.

"அந்தப் பொண்ணு கடைசியா சொன்னது சார். என் கைய புட்ச்சிக்கினு 'அவரு வருவாரு'ன்னுச்சி. எத்தினி பேரு வராங்க, யாருன்னு நான் கண்டேன், பேரச் சொல்லும்மான்னேன். கண்ண இறுக்க மூடிக்கினு சொல்லிச்சி: 'பூவராகவன். கையில டப்பா தொறக்காம இருக்கும். துன்னுட்டு உள்ள வரச் சொல்லு.'"