அக்காவுக்கு, ஐஸ்கிரீம் டப்பா விஷயமாக

ஆர்ப்ரோத்
வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய அக்கா எல்ஸ்பெத்துக்கு, தம்பி ஆர்ச்சி பணிவோடு எழுதுவது. இங்கே மழையும் குளிரும் குறைவின்றி நலம். இன்வர்னெஸில் நீயும் உன் மூட்டுவலியும் உன் பூனையும் சௌக்கியம்தானே?

முகம் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல் எழுதுகிறேன். ஐம்பது தாண்டியவர்களுக்கெல்லாம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தபாலில் வருமே, குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக் குப்பி, அது எனக்கும் என் வீட்டுக்காரி ரோனாவுக்கும் ஒரே வாரத்தில் வந்தது. மலத்தை ஏதாவது காலி டப்பாவில் பிடித்து, குச்சியால் தொட்டுக் குப்பிக்குள் செருகித் தபாலில் போட வேண்டும், அவ்வளவுதான். காலமெல்லாம் படகில் மீன் குடல் உருவியவன் நான். என் குடல் என்றதும் அந்தக் குச்சியைக்கூடத் தொடவில்லை. போதாக்குறைக்குத் தபாலாபீஸ் மார்ஜரி அந்த உறையை அடையாளம் கண்டுகொண்டு, வரிசையே திரும்பிப் பார்க்கும்படி, "என்ன ஆர்ச்சி, சோலி முடிஞ்சுதா?" என்பாள். குப்பியை டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன். ரோனா விடுவாளா? "வலி வந்தப்புறம் ஓடுறதுக்கு இல்லய்யா இது. வலி வராதப்பவே பிடிக்கத்தான் அனுப்புறாங்க. எதிர்வீட்டு கிரெகருக்கு இதுலதானே தெரிஞ்சுது? இப்ப கால்ஃப் ஆடிட்டுத் திரியறாரு!" என்று காலை மாலை அர்ச்சனை.

நீ இங்கே வந்திருந்த வாரம், ஒரு காலையில் குளியலறைக்குள் போனால், ஓரமாக ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பா. காலி என்றா சொன்னேன்? காலி இல்லை. ரோனா தன் காரியத்தை முடித்துவிட்டு, வாசல் மணி கேட்டு ஓடியிருக்கிறாள். எனக்குள் சைத்தான் புகுந்தான். என் குச்சியை அதிலேயே தொட்டு, என் பெயர் போட்ட குப்பியில் செருகி, மார்ஜரி கண்ணில் படாமல் மூன்றாவது தெருப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். ரோனா என்னைக் கட்டிக்கொண்டு, "என் சமத்து!" என்றாள். அப்போதே பூமி பிளந்திருக்கலாம்.

போன வாரம் பதில் வந்தது. அவள் குப்பியில் ஒன்றுமில்லை. என் குப்பியில் ரத்தம். நர்ஸ் போனில், "பயப்படாதீங்க, ரத்தம்னா புற்றுநோய்னு அர்த்தமில்ல. கேமரா விட்டுப் பாத்துடலாம்" என்றாள். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், ஒரே ஆளு ரெண்டு குப்பி அனுப்பினா?" என்றேன். "ஒண்ணுல ரத்தம் மாட்டலாம், ஒண்ணுல மாட்டாமப் போகலாம். ஏன் கேக்கறீங்க?" என்றாள். போனை வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை எனக்குக் கேமரா. என் குடல் பளிங்காக இருக்கும், ரோனாவின் நோய் அவளுக்குள்ளேயே வளரும். அவளோ, "உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று அழுதுகொண்டே பெரிய மீன் துண்டை என் தட்டில் வைக்கிறாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் அதை மறுபடி சட்டியிலேயே போட்டுவிடுகிறேன், அக்கா. மானம் போகிறதென்று பார்த்து அவள் உயிரோடு விளையாடிவிட்டேன். அதனால் நீ ஞாயிற்றுக்கிழமை வந்து அவளிடம் பதமாகச் சொல்ல வேண்டும். நான் பின்கட்டுக் கொட்டகையில் இருப்பேன்.

ஆண்டவர் உன் மூட்டுகளுக்கு இரங்கி, குளிர்காலத்தைச் சுருக்கித் தருவாராக.

தலைகுனிந்த தம்பி,
ஆர்ச்சி

பி.கு. தபால்தலை எங்கே என்று கேட்டது என் தப்பு. ரோனா கடிதத்தைப் பிடுங்கி நின்றபடியே படித்தாள். முதலில் செருப்பு பறந்தது. பிறகு அவள் உட்கார்ந்துவிட்டாள். "அட கூறுகெட்ட மனுஷா, என்னோடத நான் அதுக்கு முந்தின நாளே அனுப்பிட்டேன். அந்த டப்பா உங்க அக்காவோடது! என் தொணதொணப்பு தாங்காம அவளும் தன் குப்பியக் கொண்டுவந்து செஞ்சா. தபால்ல போட வெக்கமா இருக்குன்னு கைப்பையில வச்சுக்கிட்டே ஊருக்குப் போயிட்டா!"

காலையிலிருந்து போன் அடிக்கிறோம், நீ எடுக்கவில்லை. அதனால் இதைத் தபாலில் போடாமல், காரை எடுத்துக்கொண்டு வந்து உன் கதவுச் சந்தில் நானே நுழைக்கிறேன். ரோனா வாசலில் நிற்கிறாள், உன்னை டாக்டரிடம் கூட்டிப்போக. வெட்கப்படாதே அக்கா, நம் குடும்பத்துக்கு நான் பட்டது போதும். கதவைத் திற.